மஞ்சள் வட்டம் போட்ட வீடு

வீட்டை விற்பது என்று முடிவெடுத்தது நான் ஒருவன்தான். மனைவிக்கு விருப்பமில்லை. மகளுக்குச் சிரிப்பாக இருந்தது. கணபதி என்கிற பகுதியில் பதினோரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் கட்டிய வீடு அது. இரண்டு படுக்கையறை, முன்னால் ஸ்கூட்டர் நிறுத்தக் கொஞ்சம் இடம், பின்னால் மொட்டை மாடிக்கு ஏறும் வெளிப்படிக்கட்டு. அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு இன்னொரு மழைக்காலம் என்னால் இருக்க முடியாது. விற்பதற்கு அதுதான் காரணம். வெளியில் கேட்டவர்களுக்குத் தண்ணீர், போக்குவரத்து என்று வேறு காரணங்கள் சொன்னேன்.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் கால் வழுக்கி, சுவர் இல்லாத பக்கமாக விழுந்தாள். அந்தப் பக்கம் கைப்பிடி கிடையாது. துவைக்கிற கல்லுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததால் மணிக்கட்டு முறிவோடும் தலையில் ஒரு அடியோடும் போயிற்று. அந்த ஒரு முழத்தைப் பிறகு நான் டேப் வைத்து அளந்தேன். ஒரு முழம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்ததும் டாக்டர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். அவள் என்னை நன்றாக உற்றுப் பார்த்தாள். பிறகு, "தெரியலைங்களே. யாருங்ணா நீங்க?" என்றாள்.

எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஆணை அப்படி 'ங்ணா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். நினைவு தப்பியும் மரியாதை தப்பவில்லையே என்று என் மனைவி பின்னால் சொல்லிச் சிரித்தாள். மூன்று மணி நேரத்தில் மகளுக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. "அப்பா, பசிக்குதுப்பா" என்றாள். டாக்டர் இது சகஜம் என்றார், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார், மாவுக்கட்டோடு அனுப்பினார். அவளுக்கு அந்த மூன்று மணி நேரம் நினைவிலேயே இல்லை. தாயார் சொல்லித்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால், "ஏனுங்ணா, ஒரு அம்பது ரூவா இருக்குதுங்களா?" என்று ஆரம்பிப்பாள். வீடே சிரிக்கும். நான் மட்டும் சிரிக்காமல், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

இன்னொன்றும் உண்டு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள், அவசரமாக இறங்கியது தன் தப்புத்தான் என்று சொன்னாள். துணிமூட்டைக்குள் அவளுடைய செல்போனும் இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. போனும் கையுமாகப் படி இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று சபை மக்கள் ஜெபிக்க வந்தபோது நானும் சேர்ந்து சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். கைப்பிடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று விளங்கும். பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் தரப் பரிசோதகன். வெளிப்பட்டறைகளில் வார்த்து அனுப்புகிற இரும்பு உருப்படிகளில் குறை கண்டுபிடிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. பச்சை டிக் போட்டால் நல்லது. மஞ்சள் வட்டம் போட்டால் சரிசெய்துகொண்டு வரலாம். சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் உடைத்து மறுபடியும் உலையில் போட வேண்டியதுதான். மயிரிழை விரிசலைக்கூட விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் ஒரு கைப்பிடி இல்லாததைப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

பார்த்தேன். வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்த போதகர் அறை அறையாக ஜெபம் பண்ணிவிட்டு மாடிக்கும் ஏறினார். இறங்கும்போது அங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் சுவரைத் தடவித் தடவி வந்து, கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கைப்பிடி போட்டுவிடுங்கள் என்றார். அடுத்த மாசம் போட்டுடறேனுங்க ஐயா என்றேன். வீடு கட்டி முடித்த களைப்பு. பிறகு அது பழகிவிட்டது. இத்தனைக்கும் நாலு வீடு தள்ளி வெல்டிங் பட்டறை. கணபதியில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு பட்டறைக் கூரையில்தான் விழும். அந்தப் பட்டறைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்ணா, கைப்பிடி எப்பங்க?" என்பார். "பாக்கலாங்க" என்பேன். கொஞ்ச வருடத்தில் அது எங்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது. மகள் விழுந்த பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் அந்தப் பக்கமாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

இந்த நிலையில்தான் வீட்டுத் தரகர் வந்தார். தரகர் என்றால் அவருக்குப் பிடிக்காது. கார்டில் ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட் என்று போட்டிருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று நிபந்தனைகள் வைத்தார். வாசல் நிலைக்கு மேலே இருக்கும் பைபிள் வசனப் பலகையைக் கழற்றிவிட வேண்டும். எல்லா மதத்தாரும் வந்து பார்ப்பார்கள் இல்லையா? அடுத்தது, பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கக் கூடாது. காப்பி கொடுத்தால் உட்காருவார்கள், உட்கார்ந்தால் கேள்வி கேட்பார்கள். மூன்றாவதாக, நான் பேசக் கூடாது. என்னிடம் பத்து நிமிடம் பேசியதிலேயே இதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதில் எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டாயிற்று.

பலகைக்கு என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. ஊட்டை உட்டுப் போறப்ப அதுவும் எங்ககூட வரும், அதுவரைக்கும் அங்கதான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். காப்பி விஷயத்தில் அவள் பதிலே சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளையடிப்பதற்கு முன்னால் சின்னச் சின்ன ரிப்பேர்களைப் பார்த்துவிடச் சொன்னார் தரகர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நான் இறங்கினேன். மேஸ்திரியிடம் வாயால் சொன்னால் பாதி மறந்துபோவார். அதனால் குறை இருக்கிற இடத்திலெல்லாம் அடையாளம் வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஸ்கூட்டர் பெட்டியில் மஞ்சள் மார்க்கர் ஒன்று கிடந்தது.

அஞ்சு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டி, உள்ளே வெற்றிடமாகச் சத்தம் கேட்டதற்கு ஒரு வட்டம் போட்டேன். ஜன்னல் ஓரத்து விரிசலுக்கு ஒன்று. சாயங்கால வெயில் சரிந்து விழும்போது மட்டும் தெரிகிற பூச்சு மேட்டுக்கு ஒன்று. ஸ்விட்ச் போர்டு அரை அங்குலம் சாய்ந்திருந்தது. அதற்கும் ஒன்று. நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்கிறேன். சமையலறையிலிருந்து வந்து பார்த்த மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள்.

"பதினோரு வருசம் குடியிருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. விக்கலாம்னதும் ஊட்டுக்கு மஞ்சக்காமாலை வந்துபோட்டுது" என்றாள்.

மகள் என் பின்னாலேயே வந்து எண்ணிக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பத்தொரு வட்டம். முடித்துவிட்டு மார்க்கரை மூடும்போது, பின்பக்கம் போகவில்லையே என்றாள். வெளிச்சம் பத்தாது கண்ணு என்றேன். அப்போது பகல் மணி இரண்டு. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மேஸ்திரி திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்காமல் விட்டது என் தவறு. சனிக்கிழமை காலையில் தரகர் போன் செய்து, ஒரு பார்ட்டி பக்கத்துத் தெருவில் வேறொரு வீடு பார்க்க வந்திருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் அழைத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு சுவருக்கு ஓடினோம். துடைத்தோம். சுவரில் இருந்த சுண்ணாம்பு வந்தது, மஞ்சள் வரவில்லை. மண்ணெண்ணெய் போட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது இரும்பில் குறி போடுகிற பெயிண்ட் மார்க்கர். எண்ணெய்த் தொட்டியில் ஒரு வாரம் ஊறினாலும் அழியக் கூடாது என்று நானே சோதனை செய்து, நானே கையெழுத்துப் போட்டுக் கம்பெனியை வாங்க வைத்தது. மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு, காலண்டர்களை எடுத்து வந்தாள். சபைக் காலண்டர் ஒரு வட்டத்தின் மேல். நகைக்கடைக் காலண்டர் இன்னொன்றின் மேல். பிரிட்ஜை நகர்த்தி மூன்று வட்டத்தை மறைத்தோம். பாத்ரூம் டைல்ஸ்களுக்கு நேராகத் துண்டுகளைத் தொங்கவிட்டோம். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் பெரிய விரிசல் ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு மறைப்பாகக் கையில் வேதியியல் புத்தகத்தோடு மகளை நிறுத்தினோம். நின்றுகொண்டு படிக்கிற பிள்ளை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

வந்தவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு. கூடவே அவர் மனைவி. சூலூர்ப் பக்கம் சொந்த வீடு இருக்கிறது. மகனுக்குச் சரவணம்பட்டியில் வேலை. மகன், மருமகள், மூன்று வயதுப் பேத்தி எல்லோரோடும் சேர்ந்து இருக்க ஒரு வீடு பார்க்கிறார்கள். தரகர் இருவரையும் நிற்கவிடாமல் அறை அறையாக நடத்திக்கொண்டே இருந்தார். நான் நிபந்தனைப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முடியும் நேரத்தில் என் மனைவி தட்டில் காப்பியோடு வந்து, "உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள். தரகர் கண்ணை மூடித் திறந்தார். வாசல்படி ஏறி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பிவிட்டு எந்த விலைக்கு வீடு போனால்தான் என்ன என்பது அவள் கட்சி.

காப்பி குடித்ததும் பெரியவருக்கு வீடு பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். பேசி முடிக்க நல்ல நாள் பார்க்கலாம் என்று எழுந்து சபைக் காலண்டரிடம் போனார். அதில் நல்ல நேரம் இல்லை. நகைக்கடைக் காலண்டருக்கு வந்தார். எழுத்து பொடியாக இருந்ததால் ஆணியிலிருந்து கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பிறகு காலண்டரைத் தாழ்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். மஞ்சள் வட்டத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"இது ரீவொர்க் மார்க்குங்களே" என்றார். "தம்பி எந்தக் கம்பெனிங்க?"

அவர் முப்பது வருடம் சூலூரில் சின்னதாக இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்திருந்தவராம். என்னைப் போன்ற ஆட்கள் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிய உருப்படிகளை அடுக்கினால் இந்த வீட்டைப் போல இரண்டு வீடு கட்டலாம் என்று அவர் மனைவி சொன்னார். இனி மறைத்துப் பயனில்லை. மகளை விலகச் சொன்னேன். பிரிட்ஜ் நகர்ந்தது, துண்டுகள் இறங்கின. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருவிழாக் கடை பார்ப்பதைப் போல வட்டம் வட்டமாகப் போனார்.

பிறகு நடந்ததைத் தரகர் இன்றும் நம்பவில்லை. பழைய வழக்கம் அவரை விடவில்லை, என்னையும் விடவில்லை. இது மேல் பூச்சு விரிசல், இதுக்கெல்லாம் வட்டமுங்களா என்று அவர் வாதாடினார். இல்லைங்க, உள்ளே போகுது, டார்ச் அடிச்சுப் பாருங்க என்று நான் விடாமல் நின்றேன். டைல்ஸை அவர் தட்டி, சத்தம் சுத்தமாக இருக்கிறது என்றார். நான் வேறு மூலையில் தட்டிக் காட்டினேன். வாங்க வந்தவர், வீட்டில் குறையே இல்லை என்று சாதிக்கிறார், விற்கிறவன் இருக்கிறது என்று நிரூபிக்கிறான். தரகர் என் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு தடவை இழுத்தார். கடைசியில் பதினோரு வட்டத்தை நான் விட்டுக்கொடுத்தேன். பெரியவர் ஜெயித்த சந்தோஷத்தோடு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

படிக்கட்டு முன்னால் நின்றார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இங்க ஒண்ணையும் காணோமுங்களே தம்பி."

தரகர் முந்திக்கொண்டு, காற்றோட்டத்துக்காக அப்படித் திறந்தவாக்கில் விட்டிருக்கிறார்கள், இப்போதைய டிசைன் இதுதான் என்றார். பெரியவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் மகள் கதவருகில் வந்து நின்றிருந்தாள். எனக்கு உதவி செய்வதாக நினைத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "நான் ஒருக்கா உழுந்துட்டேனுங்க தாத்தா. அவசரமா எறங்கினேன். என்ற தப்புத்தானுங்க."

நாலு மாதமாக அந்த வாக்கியத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீடும் விலை போயிருக்கும். மூன்று வயதுப் பேத்தி என்று அவர் சொன்னது காதில் இருந்ததோ என்னவோ.

"அவ தப்பு இல்லைங்க" என்றேன். "கைப்பிடி வெக்காம உட்டது நானுங்க. வெக்கோணும்னு தெரியும். பதினோரு வருசமாத் தெரியும். உழுந்த பொறகு போன் மேல பழியப் போட்டுட்டேன்."

நாலு வீடு தள்ளிப் பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. மகள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்ததால் உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து, சிவப்பு மார்க்கரைக் கொண்டுவந்து, குனிந்து அடியிலுள்ள முதல் படியில் பெருக்கல் குறியின் ஒரு கோட்டைப் போட்டேன். இரண்டாவது கோட்டுக்குள் பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"செவப்பு வேண்டாமுங்க தம்பி" என்றார். "செவப்புன்னா ஒடைக்கோணும். இதுல ஒடைக்கறதுக்கு என்னங்க இருக்குது? மஞ்சளாக்குங்க. சரி பண்ணிக்கலாம்."

முப்பது வருடம் எத்தனை கம்பெனி வாசலில் நின்று இதே வாக்கியத்தை, இதே குரலில் சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் வாதாடவில்லை. மகள் மஞ்சள் மார்க்கரை நீட்டினாள். சிவப்புக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டேன். சொரசொரப்பான படியில் அது கோழிமுட்டை மாதிரி வந்தது. கைப்பிடியைப் போட்டுக் கொடுங்கள், அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு காப்பி குடித்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள்.

வாசலில் கார் கிளம்பும் வரை காத்திருந்துவிட்டு மகள் என் முன்னால் வந்து நின்றாள். அழப் போகிறாளோ, கோபித்துக்கொள்வாளோ என்று நான் தயாரானேன்.

"அப்ப என்ற போனைக் குடுங்க" என்றாள்.

பீரோச் சாவியை எடுக்கப் போனேன். நாலு மாதத்துக்கும் சேர்த்து ஏதாவது கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார். அளவெடுக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பட்டறைச் சுவரைக் காட்டினார். எங்கள் படிக்கட்டின் நீளமும் உயரமும் கரிக்கட்டியால் எழுதி, மேலே தூசி படிந்து கிடந்தது. வீடு கட்டிய வருடத்திலேயே எழுதி வைத்துவிட்டாராம். செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்து சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். ஒரே ஒரு பகல். வேலை நடக்கும்போது நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருடத் தாமதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் மரியாதைதான்.

பள்ளி விட்டு வந்த மகள் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது கம்பி லேசாக ஆடுகிறது என்று மஞ்சள் மார்க்கர் கேட்டாள். பட்டறைக்காரர் முகம் சுருங்கி, அப்பனுக்குத் தப்பாத பொண்ணுதானுங்க அம்மணி என்று முனகிக்கொண்டே அந்தக் கம்பியை மறுபடி பற்ற வைத்தார்.

வீடு பேசி முடிந்துவிட்டது. அடுத்த மாதம் சின்னவேடம்பட்டியில் ஒரு தரைத்தள வீட்டுக்குப் போகிறோம். அதற்கு மாடியே கிடையாது. வாசலில் மட்டும் மூன்று படி. அதற்கும் கைப்பிடிக்குச் சொல்லிவிட்டேன். மூணு படிக்கா என்று கேட்டுப் பட்டறைக்காரர் சிரித்தார், அளவையும் குறித்துக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் மேகம் கறுத்தது. மகள் மாடிக்கு ஓடினாள். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போய், படிக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். அவள் ஒரு கையில் துணிமூட்டையை அணைத்துக்கொண்டு மறு கையைக் கைப்பிடியில் வைத்து, ஒவ்வொரு படியாக வேண்டுமென்றே மெதுவாக, கல்யாணப் பெண் மாதிரி இறங்கி வந்தாள். கடைசிப் படிக்கு முன்னால் நின்றாள்.

"ஏனுங்ணா, கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா எறங்கிக்குவேனுங்க."

தள்ளி நின்றேன். அவள் மஞ்சள் வட்டத்தின் மேல் கால் வைத்து இறங்கி, துணிமூட்டையை என் ஏந்திய கைகளில் போட்டுவிட்டுப் போனாள். துணி எல்லாம் காய்ந்தே இருந்தது.